காரம் பிடித்தால் கோபக்காரரா? உணவு விருப்பமும் மனிதரின் குணமும்

‘காரம் அதிகம் சாப்பிடுபவர்களுக்குக் கோபம் அதிகம் வரும், இனிப்புப் பிரியர்கள் இளகிய மனம் கொண்டவர்கள், கசப்பை விரும்புபவர்கள் கல்நெஞ்சக்காரர்கள் என்கிறார்களே, இதற்கு ஆய்வு ஆதாரம் உண்டா? எனக்கு வரன் பார்க்க வந்தவர்கள்கூடப் பெண் ரொம்பக் காரம் சாப்பிடுவாளோ என்று என் அம்மாவிடம் கேட்டார்கள்’ என்று கேட்டிருக்கிறீர்கள். நான் சென்னையில் உணவுப் பொருள்களின் சுவையை மதிப்பிடும் வேலையில் நீண்ட காலமாக இருந்து வருகிறேன். ஊறுகாய், சாம்பார் பொடி, பிஸ்கட், குளிர்பானம் என எதுவாக இருந்தாலும், சந்தைக்குப் போகும் முன் பலரிடம் கொடுத்து யாருக்கு எது பிடிக்கிறது, ஏன் பிடிக்கிறது என்று பார்ப்பதுதான் தொழில். உங்கள் கேள்வி எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஒரு பெண்ணின் தட்டைப் பார்த்து அவள் குணத்துக்கு மதிப்பெண் போடும் வழக்கம் நம் வீடுகளில் சாதாரணமாக நடக்கிறது, அதனால் காயப்படுபவர்களும் இருக்கிறார்கள். ஆகவே சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

உணவு விருப்பத்துக்கும் குணத்துக்கும் தொடர்பு கொஞ்சம் இருக்கிறது. ஆனால் ஊரார் தேடும் இடத்தில் அது இல்லை. ஒருவருக்கு என்ன பிடிக்கும் என்பதைப் பெரும்பாலும் நாக்கின் மரபணுவும், வளர்ந்த வீடும், கையிலிருக்கும் காசும் முடிவு செய்துவிடுகின்றன. தான் வளர்ந்த வீட்டுச் சாப்பாட்டை விட்டு ஒருவர் எவ்வளவு தூரம், எதற்காக விலகி வந்திருக்கிறார் என்று பார்த்தால்தான் குணத்தின் தடயம் கொஞ்சம் தென்படும். காரமும் கசப்பும் இனிப்பும் தம்மளவில் எதையும் சொல்வதில்லை.

அதிகம் பழி சுமப்பது காரம்தான், அதிலிருந்தே தொடங்குகிறேன். அறுசுவையில் ஒன்றாக நாம் அதை எண்ணினாலும், உடலியல் கணக்கில் மிளகாயின் காரம் சுவையில் சேராது, அது வலி. மிளகாயில் இருக்கும் காப்சைசின் என்ற பொருள் நாக்கிலும் வாயிலும் உள்ள நரம்பு முனைகளில் டிஆர்பிவி1 என்ற ஏற்பியை, அதாவது உணர்வைப் பிடித்துக்கொள்ளும் புரதத்தை, தூண்டுகிறது. அந்த ஏற்பியின் உண்மையான வேலை சூட்டை உணர்த்துவது. ஏறக்குறைய 43 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அது விழித்துக்கொள்ளும். மிளகாய் பட்டாலும் அதே செய்தியைத்தான் மூளைக்கு அனுப்பும்: வாய் சுடுகிறது என்று. 1997-இல் இந்த ஏற்பியை அடையாளம் கண்ட டேவிட் ஜூலியஸுக்கு, ஆர்டெம் பட்டபூட்டியனுடன் சேர்த்து 2021-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. பறவைகளிடம் உள்ள இதே ஏற்பி காப்சைசினைக் கண்டுகொள்வதில்லை. கிளி மிளகாய்ப் பழத்தைக் கொத்தித் தின்கிறதே, அதற்குத் துணிச்சல் தேவையில்லை. உறைத்தால்தானே!

வாய் சுடுகிறது என்று நம்பிய உடல் என்ன செய்யும்? முகம் சிவக்கும், நெற்றியும் மூக்கின் மேல்புறமும் வியர்க்கும், கண் கலங்கும், இதயம் சற்று வேகமாக அடித்துக்கொள்ளும். கோபம் வந்தவரிடமும் பாதி அடையாளங்கள் இவைதான். காரத்துக்கும் கோபத்துக்கும் ஊர் முடிச்சுப் போட்டது இந்த வெளித்தோற்றத்தைப் பார்த்துத்தான் என்று நினைக்கிறேன்.

இந்த வலியை மனிதர்கள் ஏன் விரும்பக் கற்றுக்கொள்கிறார்கள் என்ற கேள்வியை ஆழமாக ஆராய்ந்தவர் அமெரிக்க உளவியலாளர் பால் ரோசின். அவரும் டெபோரா ஷில்லரும் மெக்சிகோவின் ஒஹாகா மலைப்பகுதிக் கிராமம் ஒன்றில் ஆய்வு செய்து 1980-இல் வெளியிட்டார்கள். அங்கே சிறு குழந்தைகளுக்கு மிளகாய் பிடிக்கவில்லை. பெரியவர்கள் சாப்பிடுவதைப் பார்த்துப் பார்த்து, யாரும் வற்புறுத்தாமலே, கொஞ்சம் கொஞ்சமாக அவர்களும் சேர்த்துக்கொண்டார்கள். தினமும் மிளகாய் கலந்த மிச்சத்தைத் தின்று வளரும் அந்த ஊர் நாய்களும் பன்றிகளும் மட்டும், மிளகாய் உள்ளது ஒன்று, இல்லாதது ஒன்று என்று வைத்தால் இல்லாததன் பக்கமே போயின. ஆபத்து இல்லை என்று மனத்துக்குத் தெரிந்த வலியை ரசிக்கும் பழக்கம் மனிதரிடம் மட்டும் வளர்ந்திருக்கிறது என்றார் ரோசின். ராட்டினத்தில் ஏறி அலறுவதையும், பேய்ப் படம் பார்த்து நடுங்குவதையும், சோகப் படத்தில் அழுவதையும் இதே வரிசையில் வைத்தார்.

இதை அடுத்த கட்டத்துக்குக் கொண்டு போனவர்கள் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் நாடியா பைர்ன்ஸும் ஜான் ஹேய்ஸும். 2013-இல் வெளியான அவர்களது ஆய்வில் 97 பேர் கலந்துகொண்டார்கள். புதிய, தீவிரமான அனுபவங்களைத் தேடும் இயல்பு அதிகமாக உள்ளவர்களுக்குக் கார உணவு அதிகம் பிடித்திருந்தது. தொடர்பு மிதமானதுதான், ஆனாலும் தெளிவாக இருந்தது. பின்னர் 2015-இல் அவர்களே இன்னொன்றைக் கவனித்தார்கள். பெண்களிடம் இந்த அனுபவத் தேடல் காரத்தோடு சேர்ந்து வந்தது. ஆண்களிடமோ பாராட்டையும் பரிசையும் எதிர்பார்க்கும் இயல்பு சேர்ந்து வந்தது. பிறர் மெச்ச வேண்டும் என்பதற்காக மிளகாயைக் கடிக்கும் ஆண்கள் எல்லா ஊரிலும் இருப்பார்கள் போலும்.

கோபத்தைப் பற்றியும் ஓர் ஆய்வு உண்டு, அதை மறைப்பது நியாயமாகாது. 2017-இல் வெளியான அந்த ஆய்வு, காரம் அடிக்கடி உண்பவர்கள் ஆக்ரோஷக் குணத்துக்கான கேள்வித்தாளில் சற்று அதிக மதிப்பெண் பெற்றதாகச் சொல்கிறது. காரம் சாப்பிட்டவுடன் ஆக்ரோஷமான எண்ணங்கள் கூடுவதாகவும் சொல்கிறது. ஆனால் கார உணவை நினைவூட்டும் ஒன்றைப் பார்த்தாலே போதும், ஆக்ரோஷமான எண்ணங்கள் எழுந்தன என்பதையும் அந்த ஆய்வே பதிவு செய்திருக்கிறது. மிளகாய் நாக்கில் படாமலே அதன் வேலை நடந்துவிட்டது என்றால், வேலை செய்தது மனத்தில் ஏற்கெனவே பதிந்திருக்கும் ‘காரம் என்றால் கோபம்’ என்ற முடிச்சு என்றே நான் படித்துக்கொள்கிறேன். அங்கே அளக்கப்பட்டவை எண்ணங்கள். யாரும் யாரையும் அடித்துவிடவில்லை.

இப்போது சென்னைக்கு வருவோம். பென்சில்வேனியாவில் காரம் என்பது ஒருவர் தானாகத் தேர்ந்தெடுப்பது. அவர் வீட்டு மேசையில் அது இருந்திருக்காது; எங்கோ ஓர் உணவகத்தில் தேடிப் போய்ச் சாப்பிட்டிருப்பார். அந்தத் தேடல்தான் அவருடைய இயல்பைக் காட்டியது. காசிமேட்டில் பிறந்து, அம்மா வைத்த மீன்குழம்பில் நான்கு வயது முதல் சோற்றைப் பிசைந்து சாப்பிட்ட பெண் எதைத் தேடிப் போனாள்? அவளுக்கு அந்தக் காரம் சாதாரணச் சாப்பாடு. அதை வைத்து அவளைச் சாகசக்காரி என்று சொல்வதும் கோபக்காரி என்று சொல்வதும் ஒன்றுபோல் தவறு. மிளகும் மிளகாயும் பூண்டும் குறைவாகப் புழங்கும் வீட்டில் வளர்ந்த ஒருவர், கல்லூரி முடித்து வேலைக்குப் போன பிறகு ஆந்திரா மெஸ்ஸைத் தேடிப் போய், பருப்புப் பொடியும் கோங்குராவும் ஆவக்காயும் போட்டுச் சாப்பிட்டு, கண்ணில் நீர் வழிய மறுபடியும் கேட்கிறார் என்றால் அவரைப் பற்றி ஏதோ ஒன்றைச் சொல்லலாம். இரண்டு பேரும் சாப்பிடுவது ஒரே அளவு காரம். செய்தி இருப்பது ஒருவரிடம் மட்டும்தான்.

கருவாட்டுக்கும் இது பொருந்தும், வெங்காயம் பூண்டு இல்லாத சமையலுக்கும் பொருந்தும். சௌகார்பேட்டையில் ஒரு ஜைனக் குடும்பத்துப் பிள்ளை பூண்டைத் தொடுவதில்லை என்றால் அது அவருடைய வீட்டின் நெறி. அதில் அவருடைய சொந்தக் குணத்தைத் தேடினால் ஒன்றும் கிடைக்காது. அந்த வீட்டுப் பிள்ளை ஒருவர் பூண்டு சாப்பிடத் தொடங்கினாலோ, பூண்டு மணக்கும் வீட்டுப் பிள்ளை ஒருவர் அதை விட்டுவிட்டாலோ, அப்போது கேட்பதற்கு ஒரு கேள்வி பிறக்கிறது.

வீடு என்று நான் சொல்வது பள்ளிப் பருவத்தில் தொடங்குவதில்லை, பிறப்புக்கும் முன்பே தொடங்குகிறது. பிலடெல்பியாவில் உள்ள மோனெல் ஆய்வு மையத்தின் ஜூலி மென்னெல்லா 2001-இல் வெளியிட்ட ஆய்வில், கருவுற்ற பெண்களில் ஒரு பகுதியினர் கடைசி மூன்று மாதங்களில் சில வாரங்கள் கேரட் சாற்றைக் குடித்து வந்தார்கள். அவர்களுடைய குழந்தைகள் திட உணவு சாப்பிடத் தொடங்கியபோது, கேரட் சுவை கலந்த கஞ்சிக்கு மற்றக் குழந்தைகளைவிடக் குறைவாகவே முகம் சுளித்தார்கள். தாய் உண்பதன் மணம் பனிக்குட நீரிலும் பிறகு தாய்ப்பாலிலும் கலந்து குழந்தைக்குப் போய்ச் சேர்கிறது. பெருங்காயமும் கறிவேப்பிலையும் நமக்கு ‘வீட்டு வாசனை’யாக இருப்பதற்கு இதிலும் ஒரு பங்கு இருக்க வேண்டும். பிறக்கும் முன்பே பதிந்த பழக்கத்தைப் பார்த்துவிட்டு ‘இவர் குணமே இப்படி’ என்று எப்படித் தீர்ப்புச் சொல்வது?

கசப்பைப் பற்றி வந்த செய்திகள் இன்னும் கொடூரமானவை. பால் கலக்காத காபி குடிப்பவர்கள் மனநோய்க் கொலையாளிகளைப் போன்றவர்கள் என்ற அளவுக்குத் தலைப்புகள் வந்தன. அதன் வேர், ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இருவர் 2016-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு. அமெரிக்கர்கள் ஏறக்குறைய ஆயிரம் பேரிடம் இணையம் வழியாக, எந்தெந்தச் சுவை பிடிக்கும் என்றும், பிறரைத் துன்புறுத்துவதில் இன்பம் காணும் போக்கு உண்டா என்றும் கேள்வித்தாள் கொடுத்தார்கள். கசப்பு பிடிக்கும் என்று சொன்னவர்களிடம் அத்தகைய போக்குகள் சற்றுக் கூடுதலாக இருந்தன. தொடர்பு மிகச் சிறியது. யார் நாக்கிலும் ஒரு துளிக் கசப்பும் வைத்துப் பார்க்கப்படவில்லை. எல்லாம் அவரவர் சொன்னதுதான். ‘எனக்குக் கசப்பு பிடிக்கும்’ என்று துணிந்து எழுதுபவர், தன்னைப் பற்றிய மோசமான வாக்கியத்துக்கும் துணிந்து ‘ஆம்’ என்று குறிக்கக்கூடும். அந்த ஒரு காரணமே அத்தனை சிறிய தொடர்பை உண்டாக்கப் போதும் என்பது என் கருத்து.

எங்கள் தொழிலில் கசப்பை அளக்கும் முறை வேறு. சுவை மதிப்பீட்டுக்கு ஆள் தேர்ந்தெடுக்கும்போது, சர்க்கரை, உப்பு, சிட்ரிக் அமிலம், காஃபின் ஆகியவற்றை மிக மெலிதாகத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, எந்த அளவில் யாருக்குச் சுவை தெரிகிறது என்று பார்ப்பார்கள். பிடிசி என்ற வேதிப்பொருள் தோய்த்த காகிதத் துண்டை நாக்கில் வைத்துப் பார்ப்பதும் உண்டு. ஒருவர் வெறும் காகிதம் என்பார். பக்கத்தில் இருப்பவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு தண்ணீருக்கு ஓடுவார். 1931-இல் டூபாண்ட் நிறுவன ஆய்வகத்தில் ஆர்தர் ஃபாக்ஸ் இந்தப் பொருளைக் கையாண்டபோது அதன் தூள் காற்றில் பறந்தது. அருகில் இருந்தவர் கசக்கிறது என்றார், ஃபாக்ஸுக்கு ஒன்றும் தெரியவில்லை. அந்தத் தற்செயல்தான் இந்தச் சோதனைக்கு வழி திறந்தது. இதற்குப் பெரும் பொறுப்பு டாஸ்2ஆர்38 என்ற மரபணுவுடையது என்று 2003-இல் கண்டறிந்தார்கள். பாகற்காயை ஒருவர் ரசித்துச் சாப்பிடுவதும் இன்னொருவர் தட்டின் ஓரத்தில் ஒதுக்குவதும், அவரவர் பிறக்கும்போது வாங்கி வந்த கசப்பு ஏற்பிகளின் வேறுபாடாக இருக்கலாம். ஒதுக்குகிறவருக்கு அது உண்மையிலேயே அதிகம் கசக்கிறது. குழந்தைகளைப் பிடிவாதக்காரர்கள் என்று திட்டும் பெற்றோர் இதை ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும் என்று மனதார வேண்டிக்கொள்கிறேன்.

தமிழ்ப் புத்தாண்டன்று வேப்பம்பூப் பச்சடியும், வாரம் ஒருமுறை சுண்டைக்காய் வற்றல் குழம்பும் உண்ணும் ஊர் இது. இன்ஸ்ப்ரூக் கணக்கை இங்கே அப்படியே பொருத்தினால் மயிலாப்பூர் முழுவதையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வேண்டியிருக்கும்.

இனிப்பைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. பிரையன் மையரும் உடன் பணியாற்றியவர்களும் 2012-இல் வெளியிட்ட ஆய்வு, இனிப்பு பிடிக்கும் என்பவர்கள் பிறரோடு இணக்கமாகப் போகும் குணத்தில் சற்று அதிக மதிப்பெண் பெற்றதாகவும், இனிப்பு ஒன்றைச் சாப்பிட்ட கையோடு உதவி கேட்டால் சம்மதிப்பது கூடியதாகவும் சொல்கிறது. நல்ல செய்தி பேசும் முன் கையில் கேசரியைக் கொடுக்கும் நம் வீடுகளுக்கு இது புதிதாகப் படாது. ஆனால் இதுவும் சிறிய தொடர்புதான். இனிப்பை வெறுக்கும் எத்தனையோ அன்பானவர்களை நம் ஒவ்வொருவருக்கும் தெரியும்.

உணவையும் குணத்தையும் பற்றிய ஆய்வுகளில் எனக்கு உறுதியாகத் தெரிவது ஒன்று உண்டு: புதிய உணவைக் கண்டு தயங்கும் இயல்பு. டொரான்டோ பல்கலைக்கழகத்தின் பாட்ரிசியா பிளைனரும் கேரன் ஹாப்டனும் 1992-இல் அதற்கு ஓர் அளவுகோல் அமைத்தார்கள். ‘உணவில் என்ன இருக்கிறது என்று தெரியாவிட்டால் நான் சாப்பிட மாட்டேன்’ என்பது போன்ற 10 வாக்கியங்கள், அவ்வளவுதான். இன்று வரை பல நாடுகளில் அதைப் பயன்படுத்துகிறார்கள். இந்தத் தயக்கம் அதிகம் உள்ளவர்களிடம் புதிய அனுபவங்களை ஏற்கும் இயல்பு குறைவாகவும் பதற்றம் சற்று அதிகமாகவும் இருப்பது திரும்பத் திரும்பத் தென்பட்டிருக்கிறது. பிரிட்டனில் 8 முதல் 11 வயதுள்ள இரட்டைக் குழந்தைகளிடம் நடத்தி 2007-இல் வெளியிட்ட ஆய்வில், குழந்தைகளுக்கிடையே இந்தத் தயக்கம் வேறுபடுவதில் ஏறக்குறைய 78 விழுக்காட்டை மரபு விளக்குகிறது என்று வந்தது. அதாவது இதிலும் பெரும்பகுதி பிறப்போடு வந்ததுதான்.

சென்னையில் இந்த இயல்பைப் பார்க்க நல்ல இடம் பாரிமுனைப் பக்கம், செகண்ட் லைன் பீச் தெருவில் உள்ள அத்தோ கடைகள். பர்மாவில் 1962-இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்து, வணிகங்கள் அரசுடைமையான பிறகு, அங்கே தலைமுறைகளாக வாழ்ந்த தமிழர்கள் பெருந்தொகையாகத் திரும்பி வந்தார்கள். அவர்களோடு வந்த உணவு அது. ஆரஞ்சு நிற நூடுல்ஸோடு முட்டைக்கோஸ், பொரித்த வெங்காயம், புளித்தண்ணீர், பூண்டு எண்ணெய், மிளகாய்த்தூள், நொறுக்கிய பேஜோ என்ற மொறுமொறு வறுவல் எல்லாம் சேர்த்துக் கையாலேயே பிசைந்து கொடுப்பார்கள். பக்கத்தில் வாழைத்தண்டு போட்ட சூப் கொதித்துக்கொண்டிருக்கும். முதல்முறை வருபவர்களைக் கவனித்தால், ஒருவர் கடைக்காரரிடம் இது என்ன, அது என்ன என்று ஒவ்வொன்றாகக் கேட்டுவிட்டுச் சாப்பிடுவார். ஒருவர் கேட்காமலே வாங்கிவிடுவார். இன்னொருவர் நண்பரின் தட்டிலிருந்து ஒரு வாய் எடுத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்வார். வேறொருவர் சூப் மட்டும் போதும் என்பார். இந்த வேறுபாட்டில் உண்மையிலேயே குணம் கொஞ்சம் தெரிகிறது. அடுத்த வாரம் அதே மனிதர்கள் ஒரு புதிய வேலையையோ புதிய ஊரையோ எப்படி அணுகுவார்கள் என்பதை ஓரளவு ஊகிக்கலாம்.

அங்கேயும் ஓர் எச்சரிக்கை தேவை. கையில் நூறு ரூபாய், அதற்குள் அன்றைய இரவுச் சாப்பாடு முடிய வேண்டும் என்று நிற்பவர், தெரியாத ஒன்றை வாங்கிப் பிடிக்காமல் போனால் பட்டினி கிடப்பார். அவர் பேசாமல் தெரிந்த இட்லியையே வாங்குவது விவேகம். அதைக் குறுகிய மனம் என்று எழுதுபவர் வசதி உள்ளவராகத்தான் இருப்பார். புதுமை விரும்பும் குணத்தில் ஒரு பங்கு பணப்பையில் இருக்கிறது. இதைப் பல ஆய்வுகள் போதுமான அளவு கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை என்பது என் நெடுநாள் வருத்தம்.

எதைச் சாப்பிடுகிறார் என்பதை விட்டுவிட்டு எப்படிச் சாப்பிடுகிறார் என்று பார்த்தால் விளைச்சல் சற்றுக் கூடும். சுவிட்சர்லாந்தில் ஏறக்குறைய 950 பேரிடம் நடத்தி 2015-இல் வெளியான ஆய்வு ஒன்றில், ஒழுங்கும் பொறுப்பும் மிகுந்தவர்கள் உணவில் கட்டுப்பாட்டோடு இருந்தார்கள், பழங்கள் அதிகம் உண்டார்கள். எளிதில் கவலைப்படும் இயல்புள்ளவர்கள் மனம் கலங்கும்போது இனிப்பையும் கொறிப்பனவற்றையும் நாடினார்கள். பசிக்காகச் சாப்பிடுவதும் மன அழுத்தத்துக்காகச் சாப்பிடுவதும் வேறு வேறு. இரவு பதினொரு மணிக்கு அலுவலகத்திலிருந்து திரும்பி ஒரு பொட்டலம் முறுக்கை நின்றபடியே தின்று முடிப்பவருக்கு முறுக்கு மிகவும் பிடிக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. அவருக்கு அன்றைய நாள் மிகவும் கடினமாக இருந்திருக்கும்.

சரி, தொடர்பு இவ்வளவு சிறியது என்றால், ‘தோசைப் பிரியரா? நீங்கள் இப்படிப்பட்டவர்’ என்று வரும் பட்டியல்கள் ஏன் நமக்கு அச்சு அசலாகப் பொருந்துகின்றன? 1948-இல் அமெரிக்க உளவியலாளர் பெர்ட்ரம் ஃபோரர் தன் மாணவர்களுக்கு ஒரு குணச் சோதனை வைத்தார். பிறகு ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் குண விவரம் கொடுத்து, எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26 வந்தது. உண்மையில் எல்லோர் கையிலும் இருந்தது ஒரே விவரம். சோதிடப் புத்தகம் ஒன்றிலிருந்து எடுத்த வாக்கியங்களைத் தொகுத்து எழுதியிருந்தார். ‘பிறர் உங்களை விரும்ப வேண்டும் என்று ஏங்குகிறீர்கள், ஆனால் உங்களையே நீங்கள் அதிகம் குறை சொல்லிக்கொள்கிறீர்கள்’ என்ற மாதிரி வாக்கியம் யாருக்குத்தான் பொருந்தாது? உணவுப் பட்டியல்களும் இதே முறையில்தான் நம்மை ஆமோதிக்க வைக்கின்றன.

உணவை வைத்துக் குணம் சொல்வது நம் மண்ணுக்கு நேற்று வந்த பழக்கமும் இல்லை. பகவத் கீதையின் பதினேழாவது அத்தியாயம் சாத்விகர் (அமைதி மிகுந்தவர்), ராஜசர் (ஆசையும் வேகமும் மிகுந்தவர்), தாமசர் (சோம்பல் மிகுந்தவர்) ஆகிய மூவகை மனிதருக்கும் பிடித்த உணவுகளைப் பிரித்துச் சொல்கிறது. கசப்பும் புளிப்பும் உப்பும் மிகுந்தவை, மிகச் சூடானவை, எரிச்சல் தருபவை எல்லாம் ராஜச குணத்தவருக்குப் பிடித்தவை என்பது அதன் கணக்கு. ஒருவர் தன் மனத்தைத் தானே பார்த்துக்கொள்ள அந்தப் பாகுபாடு உதவினால் அதில் எனக்கு மறுப்பு இல்லை. அடுத்தவரை அளக்கும் கோலாக அதைக் கையில் எடுக்கும்போதுதான் தீங்கு வருகிறது. சென்னையில் வாடகைக்கு வீடு தேடியவர்களுக்கு அது தெரியும். ‘சைவம் மட்டும்’ என்ற பலகையைப் பார்த்துத் திரும்பி நடந்தவர்களில், வேலையிலும் நடத்தையிலும் ஒரு குறையும் இல்லாதவர்கள் எத்தனையோ பேர். பல இடங்களில் உணவைக் கேட்பது சாதியையும் மதத்தையும் கேட்பதற்கான சுற்றுவழி. ‘அவர்கள் சாப்பிடுவது அப்படி, குணமும் அப்படித்தான் இருக்கும்’ என்ற வாக்கியம் சமையலறையைத் தாண்டிப் பள்ளிக்கூடத்துக்கும் அலுவலக மதிய உணவு மேசைக்கும் போய்ச் சேர்ந்திருக்கிறது. மாட்டிறைச்சி கொண்டு வந்த பிள்ளை தனியாக உட்கார்ந்து சாப்பிடுவதைப் பார்க்க நேர்ந்தவர்கள், இந்தத் தலைப்பை வெறும் பொழுதுபோக்காக எழுத மாட்டார்கள்.

உங்களைப் பார்க்க வந்தவர்களின் கேள்வியை இந்த இடத்தில் வைத்தே பாருங்கள். காரம் பற்றிக் கேட்டவர் ஒருவேளை தங்கள் வீட்டுச் சமையல் உங்களுக்கு ஒத்துப்போகுமா என்று அக்கறையோடு கேட்டிருக்கலாம். அப்படியானால் அது நல்ல கேள்வி. ‘ஆமாம், எனக்கு உறைப்பாக வேண்டும். உங்கள் வீட்டில் எப்படி?’ என்று நேராகவே கேளுங்கள். குணத்துக்குத்தான் தூண்டில் போட்டார் என்றால், மாப்பிள்ளையோடு ஒருமுறை சேர்ந்து சாப்பிட வாய்ப்பு அமைத்துக்கொண்டு நீங்களும் கவனியுங்கள். தனக்குப் பிடிக்காதது இலையில் விழும்போது பரிமாறியவரிடம் எப்படிப் பேசுகிறார், உங்களுக்கு வேண்டியதைக் கேட்டாரா, உங்களுக்காகத் தானே முடிவு செய்துவிட்டாரா, மேசையைத் துடைக்கும் பையனை எப்படிக் கூப்பிடுகிறார் என்றெல்லாம் பாருங்கள். இதற்கு ஆய்வு எண்களை நான் காட்டப் போவதில்லை, இது என் சொந்தக் கணிப்பு. தட்டில் உள்ளதைக் காட்டிலும் தட்டைச் சுற்றி நடப்பதில் எனக்கு நம்பிக்கை அதிகம்.

உங்கள் கேள்வியில் இல்லாத ஒன்றையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். உணவு விருப்பத்தைக் கட்டாயம் பொருட்படுத்த வேண்டிய சமயம் உண்டு: அது திடீரென்று மாறும்போது. சில மருந்துகள் வாயில் உலோகச் சுவையை உண்டாக்கும். கோவிட் வந்துபோனவர்களில் பலருக்கு மணம் தெரியாமல் போய், பிடித்த பிரியாணியும் அட்டையைப் போல் ஆனது. வயதாக ஆக மோப்பம் குறைவதால், பெரியவர்கள் உப்பும் ஊறுகாயும் கூடுதலாகக் கேட்பார்கள். அதை ‘வயதான காலத்தில் நாக்குக்கு ஆசை’ என்று வீட்டில் இடித்துப் பேசுகிறார்கள், பாவம்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது வேகவைக்காத அரிசியைத் தின்னும் பழக்கம். உலையில் போட எடுத்த அரிசியில் ஒரு பிடி அள்ளி வாயில் போட்டுக்கொள்ளும் பெண்கள் நம் வீடுகளில் நிறைய. ‘அரிசி தின்றால் கல்யாணத்தன்று மழை கொட்டும்’ என்று சொல்லி விட்டுவிடுகிறோம். திருநீறு, சாம்பல், சாக்பீஸ், செங்கல் தூள், ஃபிரிட்ஜில் உறைந்த ஐஸ் என்று இது பல வடிவங்களில் வரும். பல நேரங்களில் இதற்குப் பின்னால் இருப்பது இரும்புச்சத்துக் குறைவு. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ரத்தசோகை இருக்கிறது. அப்படி அரிசி தின்பவர் உங்கள் வீட்டில் யாராவது இருந்தால், அவரைக் கேலி செய்யாமல், மாநகராட்சியின் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஒருநாள் காலையில் அழைத்துப் போய் ஹீமோகுளோபின் பார்க்கச் சொல்லுங்கள். அளவு குறைவாக இருந்தால் மருத்துவர் இரும்புச்சத்து மாத்திரை எழுதித் தருவார். மாத்திரை போட்டுக்கொண்ட உடனே காபி, டீ குடிக்கக் கூடாது, அவை இரும்பை உடலில் சேரவிடாது. எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா போன்றவற்றோடு சேர்த்தால் நன்றாக ஏறும். இரும்பு ஏற ஏற, பெரும்பாலானவர்களுக்கு அந்த அரிசி ஆசை தானாகவே விட்டுப்போகும்.